டெல்லிக்காகக் காலியாக வைத்த லைன்

புதுப்பட்டினம்
12-2-2003

சௌபாக்கியவதி ஹரிப்ரியாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வைஷாலியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

டொரண்டோவில் பனி இடுப்பளவு கிடக்கிறது என்று டிவியில் காட்டினார்கள், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடாமல் வெளியே கூட்டிப் போகாதே. பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. கோபம் என்று தெரியும், கோபப்பட வேண்டியதுதான். பொங்கலன்று, குழந்தை தாத்தாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டப் போகிறாள் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் காலியாக இருக்க வேண்டும், வை என்று சொல்லி அப்பா ரிசீவரை வைத்துவிட்டார். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு இருபத்தாறாம் தேதிக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள் என்றார். பிரவுசிங் சென்டருக்குப் போய் ஈமெயில் அனுப்பு என்று நீ சொல்வாய், ஆனால் அங்கே பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேம் ஆடிக்கொண்டிருக்க, இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி, இதையெல்லாம் எழுத எனக்கு முடியாது. அதனால் பழையபடி பேனாவும் காகிதமும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. நம் எல்லம்மாளின் பெண் காயத்ரி போய்விட்டாள். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம், பிரசவத்தில். பெண் குழந்தை பிழைத்துவிட்டது. அப்பா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து நாம் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எல்லம்மாள் பாத்திரம் தேய்க்க வரும்போதெல்லாம் கூடவே வந்து, உன் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு உன் சைக்கிளின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாளே, அந்தப் பெண். இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு உன் அப்பா டெலிபோனைத் தொடவில்லை. மணி அடித்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார். நம் வீட்டு போன் அடித்து அவர் எடுக்காமல் இருப்பது உனக்கு நம்ப முடியாத விஷயம் என்று தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், எதையும் மறைக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எங்கிருந்து ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டுமானால் நீ பிறந்ததிலிருந்துதான் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், ஓ நெகடிவ் எங்கேயும் கிடைக்காமல், யாரோ ஒரு பஸ் கண்டக்டர் வந்து கொடுத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் டூட்டிக்குப் போய்விட்டார். அப்பா அவரை எத்தனையோ டிப்போவில் தேடினார், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ரத்ததான வேலையை எடுத்துக்கொண்டார். யாருக்கு எந்த குரூப், யார் எந்த ஷிஃப்டில் இருக்கிறார், யார் கடைசியாக எப்போது கொடுத்தார், யாருக்கு மஞ்சள்காமாலை வந்து போனது, எல்லாம் அவர் தலைக்குள்தான். செங்கல்பட்டு ரத்த வங்கியிலிருந்து மோசஸ் போன் செய்தால் ஐந்து நிமிஷத்தில் ஆள் கிளம்பிவிடும். ஒரே ஒரு கட்டளை வைத்திருந்தார். போனில் குரூப் சொல்லலாம், எத்தனை பாட்டில் என்று சொல்லலாம், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லலாம், நோயாளியின் பேரைச் சொல்லக் கூடாது. பேர் தெரிந்தால் நம்மவரா, வேண்டாதவரா, ஏழையா, பணக்காரரா என்று மனசு தராசைத் தூக்கிவிடும் என்பார். கொடுத்தவர் பேரும் வாங்கியவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக மோசஸ் அந்தக் கட்டளையை மீறியதே இல்லை.

விருது விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்ததானச் சங்கத்துப் பையன்கள் சேர்ந்து அப்பாவுக்குப் பத்மஸ்ரீ கொடுக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் முதலில் சிரித்துவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றார். பிறகு ஒரு நாள் ஸ்பெஷல் பிராஞ்ச் கான்ஸ்டபிள் ஒருவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து, பக்கத்து வீட்டிலும் மளிகைக் கடையிலும் இவர் குடிப்பாரா, கேஸ் ஏதாவது உண்டா, எந்தக் கட்சி என்றெல்லாம் விசாரித்தார். உன் அப்பா அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து அவருடைய குரூப் என்ன என்று விசாரித்தார். பி பாசிடிவ். அடுத்த மாதமே அந்த மனுஷர் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தார், அது வேறு கதை. அந்த விசாரணைக்குப் பிறகுதான் அப்பாவுக்கு ஆசை உள்ளே போய் உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு நரசிம்மன் மாமா கலெக்டர் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர் இல்லையா, அவருக்கு நடைமுறை எல்லாம் தெரியும். இங்கேயிருந்து பேர் மாநில அரசாங்கத்துக்குப் போகும், அங்கேயிருந்து டெல்லி உள்துறைக்கு, அங்கே ஒரு கமிட்டி, பிறகு பிரதமர், பிறகு ஜனாதிபதி. எல்லாம் முடிந்த பிறகு குடியரசு தினத்துக்கு முன்னால் டெல்லியிலிருந்து போன் செய்து, கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்பார்களாம். சில பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுவதால் இந்த ஏற்பாடாம். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் பட்டியல் வெளியாகும். நரசிம்மன் மாமா இன்னொன்றும் சொன்னார். தேர்வாகாதவர்களுக்கு எந்தத் தகவலும் வராது.

இந்தக் கடைசி விஷயம்தான் மனுஷரைக் கெடுத்தது. இல்லை என்று ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு மறந்துபோயிருப்பார். இல்லை என்று சொல்ல அங்கே ஆளே கிடையாது. ஆக ஒவ்வொரு ஜனவரியிலும் பேர் இல்லாமல் போனாலும் அடுத்த ஜனவரி ஒன்று இருக்கிறது. போன வருஷம் சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆகஸ்டில் மறுபடியும் கலெக்டர் ஆபீஸிலிருந்து இவர் விவரங்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவ்வளவுதான், வீடு மாறிவிட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம். நாட்டிலேயே உயர்ந்தது பாரத ரத்னா, அரச இலை மாதிரி பதக்கம், அதற்குக் கலெக்டரும் வேண்டாம் கான்ஸ்டபிளும் வேண்டாம், பிரதமர் ஜனாதிபதியிடம் சொன்னால் போதும், வருஷத்துக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. அதற்குக் கீழே பத்ம விபூஷண், பத்ம பூஷண், கடைசியில்தான் பத்மஸ்ரீ. பணம் ஒன்றும் கிடையாது. இது பட்டம் இல்லை, பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கூடாது, போட்டால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். சங்கத்துப் பையன்கள் ஏதோ நோட்டீஸ் அடிக்க வந்தபோது, பின்னால் எது நடந்தாலும் என் பேருக்கு முன்னால் எதையும் போடாதீர்கள், சட்டப்படி தப்பு என்று கண்டிப்பாகச் சொன்னார். இன்னும் வராத ஒன்றை எங்கே போடக் கூடாது என்று சொல்கிற மனுஷரைப் பார்த்து நான் சிரித்தேன். ஜனாதிபதி மாளிகைக்குச் செருப்போடு போக முடியாது என்று ஒரு ஷூ வாங்கி வந்து கூடத்தில் நடந்து பழகினார். அப்போதும் சிரித்தேன். கேலி செய்வதற்குப் பதிலாக ஒரு தடவை உட்கார்ந்து, இது உங்களுக்கு எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் ராப்பகலாக ஓடிய மனுஷர், ஒரு தடவை யாராவது கூப்பிட்டு நன்றாகச் செய்தாய் என்று சொல்லட்டும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு என்றும் தோன்றியது. இப்போதும் அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொங்கலிலிருந்து போன் பக்கத்தில் நாற்காலி போட்டாயிற்று. வெளியே போன் செய்யக் கூடாது. உள்ளே வருகிற போன் இரண்டு வார்த்தையில் முடிய வேண்டும். டெல்லிக்காரன் ஒரு தடவைதான் முயற்சி செய்வான், எங்கேஜ்டாக இருந்தால் அடுத்த பேருக்குப் போய்விடுவான் என்று எப்படியோ மனசில் பதிந்துவிட்டது. இதை நரசிம்மன் மாமாகூடச் சொல்லவில்லை, இவரே செய்துகொண்ட சட்டம். ரத்தத்துக்காக வரும் போனை மட்டும் மறுக்கவில்லை. அதற்கு மட்டும் சட்டென்று பேசி, சட்டென்று ஏற்பாடு செய்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து மறுபடியும் ரிசீவரைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அதனால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

காயத்ரிக்கும் உன் குரூப்தான், ஓ நெகடிவ். அவளைச் செய்யூர் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள், வேர்க்கடலை பயிரிடுகிற நல்ல குடும்பம். வளைகாப்பு முடிந்து எல்லம்மாள் அவளை இங்கே அழைத்து வந்தபோது அப்பாவே கூப்பிட்டுச் சொன்னார், உன் பெண்ணுக்கு ஆள் தயார், அணுபுரத்தில் சரவணகுமார் என்று ஒரு பையன் இருக்கிறான், ஒரு போன் போட்டால் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்துவிடுவான், நீ பயப்படாதே என்று. எல்லம்மாள் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பிரசவத்துக்கு மாசி பிறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இருபத்தைந்தாம் தேதி காலையிலேயே அவளுக்கு வலி கண்டு, செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லம்மாளின் தம்பி துரைதான் தன் ஆட்டோவில் அழைத்துப் போனான். எங்களுக்குத் தெரியாது, ரத்த வங்கியிலிருந்தே சாருக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அவர்கள் இருந்துவிட்டார்களாம். எல்லம்மாள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, சனிக்கிழமை, சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் நான் அணுபுரத்தில் ஒரு வெற்றிலை பாக்குக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் மோசஸின் போன் வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு அப்பாவே எனக்குச் சொன்னது.

மோசஸ் எப்போதும் போல, சார், ஓ நெகடிவ், இரண்டு பாட்டில், பிரசவ கேஸ், அவசரம் என்று சொல்லியிருக்கிறார். கட்டளைப்படி பேர் சொல்லவில்லை. காயத்ரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதால் அவள் ஞாபகமே இவருக்கு வரவில்லையாம். அப்பா சரி, பார்த்துக்கொள்கிறேன், வையுங்கள் என்று வைத்துவிட்டார். சரவணகுமாருக்குப் போன் போட வேண்டும். அவன் குவார்ட்டர்ஸில் போன் இல்லை, கீழ்வீட்டுக்குப் போட்டு, அவர்கள் மாடி ஏறிப் போய்க் கூப்பிட்டு, அவன் இறங்கி வர ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் லைன் எங்கேஜ்ட். டெல்லியிலிருந்து வருவதாக இருந்தால் இன்று மத்தியானம்தான் வரும் என்று மனுஷர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று உட்கார்ந்துவிட்டார். நரசிம்மன் மாமா வீட்டுக்குப் போய் அங்கேயிருந்து பேசலாம் என்றும் நினைத்தாராம். அதற்குள் இங்கே மணி அடித்துவிட்டால் என்று எழுந்திருக்கவில்லை. மோசஸ் மறுபடியும் கூப்பிட்டு ஆள் கிளம்பியாச்சா சார் என்று கேட்டதற்கு, ஏற்பாடு நடக்கிறது, வையுங்கள் என்று சொல்லிவிட்டார். நடக்கவில்லை. உன் அப்பா வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை, ஹரிப்ரியா, அன்றைக்கு வந்திருக்கிறது. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் மோசஸ் வேறு ஆளைத் தேட மாட்டார். அந்த வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அதை நம்பிக்கொண்டு அவர் அங்கே காத்திருக்க, டெல்லியை நம்பிக்கொண்டு இவர் இங்கே காத்திருந்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது டிவியில் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய பேர்கள் மட்டும். முடிந்ததும் அப்பா எழுந்து அணுபுரத்துக்குப் போன் போட்டார், சரவணகுமார் உடனே கிளம்பிப் போயும் இருக்கிறான். ஏதோ ஓர் ஓ நெகடிவ் கேஸ் என்றுதான் என்னிடம் சொன்னார், நானும் மேலே கேட்கவில்லை. மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. முழுப் பட்டியலும் அதில்தான் இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொடி எழுத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். பேர் இல்லை. அப்போதுதான் வாசலில் துரையின் ஆட்டோ வந்து நின்றது. அவன் உள்ளே வரவில்லை, படியில் கையை வைத்துக்கொண்டு, அம்மா, அக்கா இனிமே கொஞ்ச நாளிக்கி வராது, காயத்ரி பூட்ச்சி, என்றான். நான் ஐயோ என்றேன். அப்பா பேப்பரும் கையுமாக வந்து, பழக்க தோஷம், குரூப் என்ன என்றுதான் கேட்டார், அவருக்குத் தெரியாத குரூப்பா. துரை சொன்னான், ஓ நெகடிவ் தான் சார், ரத்தம் நிக்கவே இல்ல, மோசஸ் சாரு ஒனக்கு ரெண்டு தபா போன் போட்டாராம், நீ வூட்ல இல்லியாமே, நீ மட்டும் இருந்துருந்தா எங்க பொண்ணு இந்நேரம் வூட்டுக்கு வந்துருக்கும் சார். இதைச் சொல்லிவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மோசஸ் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்பா துரையிடம் அதை மறுத்துச் சொல்லவில்லை. அவன் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, நான் மேலே எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷத்தில் அவரைப் பேசாத பேச்செல்லாம் அன்றைக்குப் பேசினேன். அன்றைக்கு அந்தக் கண்டக்டர் உங்களைப் போல நினைத்திருந்தால் நான் இன்று இல்லை, உங்கள் பெண்ணுக்கு அம்மா இல்லை என்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு செய்யூருக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். அங்கே அவளைப் பார்த்ததை எழுதமாட்டேன். மஞ்சள் பூசிய முகம், தூங்குகிற மாதிரி இருந்தாள், அவ்வளவு போதும். பிறகு ஒரு நாள் நான் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். ஒரு பாட்டில் அவர்களே ஏற்றியிருக்கிறார்கள், இருந்த நிலைமையில் இன்னும் இரண்டு சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன், அதுவும் முடியாது என்றார். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். அப்பாவிடம் சொன்னால் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்வார் என்று அவரிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் எல்லம்மாள் வேலைக்கு வந்தாள். வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் எங்கேயும் போகாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று வந்துவிட்டாள். பேத்தியையும் துணியில் சுற்றி எடுத்து வந்து, நம் கூடத்தில் பாயில் போட்டுவிட்டு, பின்பக்கம் பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். அப்பா எழுந்து அங்கே போனார். இத்தனை வருஷத்தில் அவள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு அவர் போய் நான் பார்த்ததில்லை. நின்றபடியே சொன்னார், எல்லம்மா, நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன், மோசஸ் பேசியது என்னிடம்தான், இன்னொரு போனுக்காகக் காத்துக்கொண்டு நான் சரவணகுமாரைக் கூப்பிடாமல் இருந்துவிட்டேன், மோசஸ் உன்னிடம் சொன்னது பொய் என்று. ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை. அவள் கையை நிறுத்தவில்லை. இன்னா சார், துக்கத்துல கண்டத பேசிகினு கீற, நீ வூட்ல இருந்துகினு எட்க்காம இருப்பியா, என்றாள். இவர் மறுபடியும், இல்லை எல்லம்மா, நான் சொல்வது நிஜம் என்றார். அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துவிட்டு, ஒன்ன எனக்குத் தெரியாதா சார், போய் உள்ள குந்து, என்று சொன்னாள். என்னைப் பார்த்து, அம்மா, சாருக்கு ஒரு காபி குடு, மூஞ்சே சரியில்ல என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். செருப்பால் அடித்திருந்தால்கூட நின்றிருப்பார். அவள் நம்பவே மாட்டேன் என்கிறாள். அதை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் எங்கே போவார் சொல்லு.

அதோடு முடியவில்லை. வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கியவள், இடுப்பில் செருகியிருந்த ஆஸ்பத்திரி சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். இதுக்கும் அவ குரூப்பு தானாம் சார், நீ மனசுல வெச்சிக்க, நாளிக்கி ஒண்ணுன்னா ஒன்னத்தான் கேப்பேன், என்றாள். அப்பா அதை வாங்கினார், படித்தார், திருப்பிக் கொடுத்தார். தலையை ஆட்டினாரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவள் போன பிறகு மத்தியானம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குப் போன் அடித்தது. மதுராந்தகத்திலிருந்து யாரோ ஒரு பையன், ஏ நெகடிவ் வேண்டும், ராமானுஜம் சார் இருக்கிறாரா என்றான். நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து பின்பக்கம் போனார். சார் வீட்டில் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு வைத்த பிறகுதான் மோசஸ் சொன்ன அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. அந்தப் பையனுக்குக் கிடைத்ததோ இல்லையோ. சங்கத்துப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களால் முடிந்ததைச் செய்கிறார்கள், ஆனால் ஏ நெகடிவில் யார் ஊரில் இருக்கிறார், யார் கொடுத்து மூன்று மாதம் ஆயிற்று என்று கேட்டால் அவர்கள் இவரைத்தானே கேட்க வேண்டும். இப்போதெல்லாம் போன் வருவதே குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த வீட்டில் எடுக்க மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒன்று என்றாலும் எல்லம்மாள் இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள்.

மற்ற விஷயம் ஒன்றும் பெரிதாக இல்லை. நரசிம்மன் மாமாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்பாகிவிட்டது, குடிக்கக் கேன் வாங்குகிறோம். அந்த ஷூவை அப்பா பெட்டியோடு பரண்மேல் போட்டுவிட்டார். நீ இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, உன் குரூப் எழுதிய கார்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும், அங்கேயும் ரத்தம் கொடுக்கிறாயா என்று ஒரு தடவை அப்பா கேட்டார், நீ பதில் சொன்ன ஞாபகம் இல்லை. மாப்பிள்ளையைக் காரை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல். குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் கத்தாதே, நீ இதைவிட அடம் பிடித்தவள்.

இப்போது நான் கேட்கப் போவதை நீ எனக்காகச் செய்ய வேண்டும். அப்பா மேல் உள்ள கோபத்தை விட்டுவிடு என்று சொல்லவில்லை, எனக்கே இன்னும் போகவில்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் செய், உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்தில் நான் மாமல்லபுரம் கோயிலுக்குப் போயிருப்பேன், வேண்டுமென்றேதான் போவேன். வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார். முதலில் எடுக்க மாட்டார். முழுக்க அடித்து நின்றுபோகும். மறுபடியும் செய், மறுபடியும் செய், எடுக்கிற வரைக்கும் விடாதே. எடுத்தால் விருதைப் பற்றிக் கேட்காதே, காயத்ரியைப் பற்றியும் கேட்காதே. சமாதானமும் சொல்லாதே, அதை எல்லம்மாளே போதுமான அளவுக்குச் செய்துவிட்டாள். அவர் எதுவும் பேசாமல் நின்றால் குழந்தையிடம் கொடு. அன்றைக்குப் பாதியில் நின்ற பாட்டை அவள் முழுசாகப் பாடட்டும். எத்தனை நேரம் ஆனாலும் சரி, இந்தத் தடவை போனை நீங்கள் முதலில் வைத்துவிடாதீர்கள்.

பெருமாள் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். குழந்தைக்கு என் முத்தம். ஞாயிறு காலை எட்டு மணி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரபாவதி